நீங்கள் ஓட்டிய ரயில்

அண்ணை,

இன்று காலை கராஜைத் திறந்தபோது அந்தச் செம்மஞ்சள் கம்பிகள் சரிந்து என் காலடியில் விழுந்தன. போன வசந்தத்தில் பனி கரைந்ததும் நீங்களே பிடுங்கி, மண்ணைத் துடைத்து, பழைய துவாயொன்றில் சுற்றி என் கராஜ் மூலையில் சாத்திவிட்டுப் போனவை. பனி விழுமுன் கார் விடும் பாதையின் இரண்டு ஓரமும் இவற்றை நட்டுவைக்க வேண்டும். எல்லாம் வெள்ளையாய் மூடிய பிறகு பனி தள்ள வருகிறவனுக்கு எது பாதை, எது புல்தரை என்று தெரிய வேண்டுமே. மொன்றியல் ஓரத்து இந்த ரொக்ஸ்பரோவில் எல்லா வீட்டிலும் நடுகிறார்கள்தான். ஆனால் செப்டம்பர் கழியுமுன்பே நட்டுவிட்டு, பிறகு அடிக்கடி வந்து ஆட்டிப் பார்க்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான். உங்கள் வீட்டுக்கு நட்ட கையோடு எங்கள் வீட்டுக்கும் நடுவீர்கள். "இன்னும் இலையே கொட்டேல்லை அண்ணை" என்றால், "பனி என்ன உம்மட்டைக் கேட்டுக்கொண்டோ வரப்போகுது?" என்பீர்கள்.

இந்த வருடம் செப்டம்பரில் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். ஒக்டோபரில் போய்விட்டீர்கள். இரண்டு வீட்டுப் பாதையும் கம்பி இல்லாமல் கிடக்கின்றன. நாளைக்குப் பனி என்கிறார்கள்.

கம்பிகளை நடுமுன் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடந்தது. வந்தவர்களுக்குச் சாப்பாட்டோடு உங்கள் கல்வெட்டும், அதுதான் உங்கள் வாழ்க்கையைச் சொல்லும் நினைவுப் புத்தகமும், கொடுத்தோம். அதில் ஒரு பொய் அச்சாகியிருக்கிறது. அச்சுப்பிழை இல்லை. எழுதிய எனக்கும் உங்கள் மனைவி அக்காவுக்கும் தெரிந்தே போன பொய். அது எப்படி நடந்தது என்று நீங்கள் அறியத்தான் வேண்டும். ஏனென்றால் அந்தப் பொய் உங்களுடையது.

நாங்கள் பழகியது ரயிலில்தானே. நான் நகரத்தில் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு துணி ஆலையில் சாயம் போடுகிற பகுதிக்குப் பொறுப்பாக இருந்தீர்கள். ரொக்ஸ்பரோ நிலையத்தில் காலையில் ஏறுகிற தமிழ் முகங்கள் அப்போது குறைவு. உங்கள் கோட்டில் எப்போதும் ஈரக் கம்பளி மணம் இருக்கும். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி ஒருத்தி மூக்கைச் சுளித்து எழுந்து போக, அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். எங்கள் ஆட்கள் முதலில் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன்.

"அண்ணை, ஊரிலை எவடம்?"

"கிளென்டாரிக்" என்றீர்கள், யன்னலைப் பார்த்தபடியே. நான் முழித்ததைக் கண்டுவிட்டு, "ஸ்கொட்லாந்தில. பிறந்தது மானிப்பாய்ப் பக்கம். ஊரெண்டால் கிளென்டாரிக்" என்று திருத்தினீர்கள்.

லண்டன் பக்கம் இருந்துவிட்டு வந்தவர்கள் அதைச் சொல்லாமல் ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இவரும் அந்தச் சாதிதான் என்று நினைத்துக்கொண்டேன். மொன்றியல் தமிழருக்குள் உங்களுக்கு 'ஸ்கொட்லாந்தார்' என்று பெயர் இருப்பதும் பிறகுதான் தெரிந்தது. கலியாண வீடுகளில் நீங்கள் வருவதைக் கண்டால், "பள்ளத்தாக்கு வருது, கதிரையை இழுத்துக்கொண்டு ஓடு" என்பார்கள்.

எனக்கு ஓட இடமில்லை, ரயில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையுறைகளையும் கழற்றி மடியில் மேடாக வைப்பீர்கள். அவைதான் மலைகள். நடுவில் கழுத்துத் துணியை நீளமாக விடுவீர்கள். அது ஆறு. சாப்பாட்டுப் பெட்டி ஆற்றங்கரையில் இருந்த கம்பளி ஆலை. ஊரில் ஆலையில் வேலை பழகிக்கொண்டிருந்த உங்களை அங்கேதான் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்த ஆற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை, சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்காது, அதனால்தான் அந்த ஆலை அந்த இடத்தில் வந்தது, ஆலை வந்ததால்தான் ஊர் வந்தது என்பீர்கள். கடைசியாக மாதாந்தப் பயண அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பீர்கள். அதுதான் ரயில். உங்கள் இடக்கைச் சுட்டுவிரல் நுனியில் கோணியிருக்கும். அந்தக் கோணல் விரலால் அட்டையைத் தள்ளிக்கொண்டே போவீர்கள்.

இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு கிளென்டாரிக்கில் என்னால் நடக்க முடியும். ஒரே ஒரு தெரு. ஆற்றோடு ஒட்டிப் போகிற ஒரே ஒரு றோட்டு. கீழ்ப்பக்கம் போனால் மலைகள் நெருங்கி, மழைக்காலத்தில் ஆறு றோட்டில் ஏறிவிடும். மேற்பக்கம் போனால் கணவாய். கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி உள்ள பெரிய பட்டினம். றோட்டு மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு இரும்புக் கதவு உண்டு. பனி கொட்டினால் பொலிஸ்காரர் வந்து அதைச் சாத்திப் பூட்டிவிடுவார். சாத்தினால் சாத்தினதுதான். "றோட்டுக்குக் கதவு போட்ட ஊர் உலகத்திலை வேறை எங்கை இருக்கு?" என்று கேட்பீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் சிரிப்பு இருக்காது.

முதலில் அந்தக் கணவாயால் நடந்தவை மாடுகள். தெற்கே சந்தைக்குக் கொண்டுபோகிற கறுப்பு மாடுகள். தூரப் பயணம் என்பதால் அவற்றின் குளம்புக்கும் லாடம் அடித்தார்களாம். பிறகு குதிரை வண்டி. பிறகு ரயில். ஆற்றின் எந்தக் கரையால் தண்டவாளம் வருவது என்று ஆலைக்காரரும் செம்மறிப் பண்ணைக்காரரும் அடிபிடிப்பட்டது, கடைசியில் ஆலைக்காரர் வென்றதால் ஆற்றைக் கடக்க வளைவு வளைவாகக் கற்பாலம் கட்டியது, கணவாயின் அடியால் மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டியது, முதல் ரயில் வந்தபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெளியே விட்டது எல்லாவற்றையும் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையில் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறீர்கள். ரயில் நிலக்கரியும் கம்பளியும் கொண்டுவரும், நெய்த துணி கொண்டுபோகும். "பனி எவ்வளவு கொட்டினாலும் அது போகும். முன்னுக்கு இரும்புக் கலப்பை பூட்டியிருக்கும். மலைக்குக் கீழாலை போறதுக்குப் பனி என்ன செய்யும்? அந்த ரயில் பிந்தினதே இல்லை, தங்கச்சி."

அட்டை கையுறைக்குக் கீழே போய் மற்றப் பக்கத்தால் வெளியே வரும்.

ஒரு கதையை மட்டும் நீங்கள் ஒவ்வொரு குளிர்காலமும் திருப்பிச் சொல்வீர்கள். ஆலையில் வேலைசெய்த ஒருவரின் சின்னப்பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், வலிப்பு. கதவு பூட்டிவிட்டார்கள். தாயும் தகப்பனும் ஆலைக் கம்பளியால் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினார்கள். ரயில் நின்றுகொண்டிருந்தது. ரயிலின் கார்ட் தன் பெட்டியில் இருந்த அடுப்புக்குப் பக்கத்தில் இடம் விட்டுக்கொடுத்தார். சுரங்கத்தால் போய் இறங்க, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வண்டி நின்றது.

"பேந்து?" என்று நான் கேட்பேன். பிறகு என்ன என்று தெரிந்த கதைதான், ஆனாலும் கேட்பேன்.

"பேந்தென்ன, பிழைச்சிட்டுது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திட்டினம்தானே."

அதற்குள் எங்கள் ரயில் மொன்றியல் மலைக்குள் நுழைந்துவிடும். நகரத்துக்குப் போகுமுன் வருகிற அந்த நீளச் சுரங்கத்தில் மட்டும் நீங்கள் கதைக்க மாட்டீர்கள். இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருப்பீர்கள். வெளிச்சம் வந்த பிறகுதான் கை தளரும். உங்களுக்கு இருட்டென்றால் பயம் என்று நான் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் கிளென்டாரிக் என்ற சொல்லே எழாது. எழுந்தால் அக்கா எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவா. கழுவ ஒன்றும் இராது, ஆனாலும் குழாய் ஓடும். நீங்கள் பேச்சை மாற்றினால் குழாய் நிற்கும். புருசனின் பழைய கதை கேட்டு அலுத்துப்போன மனுசி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். உங்கள் மகன் ராகுலன்கூட, "அப்பா ஸ்கொட்லாந்து எண்டார், அம்மா குழாய் எண்டா" என்று பகிடி விடுவான்.

எங்கள் ரயில் பாதையை மூடிப் புதிதாய்க் கட்டப்போகிறோம் என்று அறிவித்தபோது தேவாலயத்து மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? ரொக்ஸ்பரோவே முணுமுணுத்தது. வேலைக்குப் பிந்தும், வீட்டு விலை விழும் என்று ஆளுக்கொரு கவலை. புது ரயில் வரும்வரைக்கும் பஸ் விடுவோம் என்று மேடையில் இருந்தவர்கள் சொன்னார்கள். நீங்கள் எழும்பினீர்கள். அந்த ஸ்கொட்லாந்து இழுவையோடு ஆங்கிலத்தில் கேட்டீர்கள்: பனிக்குள் ஒரு பிள்ளைக்குச் சுகமில்லாமல் வந்தால் எதை அனுப்புவீர்கள், பஸ்ஸையா? மண்டபம் சிரித்தது. இங்கே அம்புலன்ஸ் இருக்கிறது, அகலமான றோட்டுகள் இருக்கின்றன, ஐயா என்று மரியாதையாகப் பதில் சொன்னார்கள். நீங்கள் உட்காரவில்லை. கதிரையின் முதுகை இறுகப் பிடித்தபடி நின்றீர்கள். ராகுலன் தலையைக் குனிந்துகொண்டான். நான்தான் உங்களைக் காரில் கூட்டிவந்தேன். வழியில் ஒரே ஒரு வசனம் சொன்னீர்கள். "சுரங்கத்தை மட்டும் அடைக்கக் கூடாது, தங்கச்சி."

அதற்குப் பிறகு வருடக்கணக்காகப் பஸ்தான். கடைசிக் காலத்தில் புது ரயிலைச் சோதித்துப் பார்க்க வெறுமையாக ஓட்டினார்கள். நீங்கள் வேலிக்கு வெளியே போய் நின்று பார்ப்பீர்கள். ஓட்டுநரும் இல்லாமல், பயணிகளும் இல்லாமல், விளக்கு மட்டும் எரிந்துகொண்டு அது போகும். ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோதும் அதைத்தான் கேட்டீர்கள்.

"ஆக்களை ஏத்தத் தொடங்கிட்டாங்களோ?"

"இன்னும் இல்லை அண்ணை. சும்மாதான் ஓடுது."

"என்ர கல்வெட்டை நீர்தானே எழுதுவீர்?"

எனக்குக் கோபம் வந்தது. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் ஆட்களின் கல்வெட்டுகளை எழுதிவருகிறவள் நான். யாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கட்டிலில் கிடப்பவரின் கண் என் கையில் பேனை இருக்கிறதா என்று தேடுவதாக எனக்கொரு எண்ணம். "உந்தக் கதை இப்ப ஏன்?" என்றேன்.

"கிளென்டாரிக்கிலை தொடங்கும். ரயிலை விட்டிடாதையும்."

அப்படியொரு வழக்கம் இல்லை என்று உங்களுக்கும் தெரியும். கல்வெட்டு என்றால் முதல் பக்கத்தில் பிறந்த ஊரின் வளம் வரவேண்டும். பனை, வயல், கோயில், குளம். பிறகு தாய் தகப்பன், பிறகு கலியாணம், பிள்ளைகள், கடைசியில் தேவாரம். எத்தனையோ பேரை நான் அதே பனையடியில் பிறக்கவைத்திருக்கிறேன். ஆனாலும் சாகக் கிடக்கிறவர் கேட்டால் மறுக்க முடியுமா? "ஓம்" என்றேன்.

எழுதி முடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அச்சுக்குப் போகுமுன் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம், பேர் விடுபட்டால் பிறகு ஆயுள் முழுவதும் ஏச்சு. புரோசார்டிலிருந்து ராகுலன் வந்திருந்தான். ஸ்காபரோவிலிருந்து அக்காவின் தம்பி வந்து, நடுச் சோபாவில் காலை நீட்டி இருந்தார். அக்கா குசினிக்குள் இருந்தா.

நான் வாசிக்கத் தொடங்கினேன். இருபுறமும் மலை எழுந்து, நடுவே ஆறு ஓடும் கிளென்டாரிக் என்னும் ஊருக்கு அன்னார் தம் இளமையில் துணைவியாருடன் ரயிலில் வந்திறங்கினார். கற்பாலத்தைக் கடந்து ரயில் வளைகையில் கிழக்குக் கரையில் ஆலையும், அதன் பின்னால் மயானமும்...

"பொறும், பொறும்" என்றார் தம்பி. "மனுசன் பிறந்த மண்ணை விட்டிட்டு வெள்ளைக்காரன்ர ஊரோ முதல் பக்கத்திலை? சனம் என்ன சொல்லும்?"

"அண்ணை கேட்டவர்" என்றேன்.

"செத்தவர் கேட்பார். இருக்கிறவைதானே முகம் குடுக்கோணும்."

ராகுலன் பெருமூச்சு விட்டான். "போடட்டுமே மாமா. நாங்கள் சின்னனிலை இருந்து கேட்டதுதானே. சனமும் ஒருக்காக் கேட்கட்டும்."

குசினியில் குழாய் ஓடத் தொடங்கியது. நான் குரலை உயர்த்தி வாசித்துக்கொண்டே போனேன். சுரங்கம் வந்தது. கலப்பை பூட்டிய ரயில் வந்தது. அந்த இடத்தில் குழாய் நின்றது.

அக்கா கையைச் சேலையில் துடைத்தபடி வாசலில் வந்து நின்றா.

"மயானம் ஆலைக்குப் பின்னாலை இல்லை" என்றா. "ஆத்துக்கு அங்காலை. பாலம் கடந்து, ஏத்தம் ஏறி, இடக்கைப் பக்கம். கல்லு மதில் கட்டியிருக்கும்."

அந்த ஊரைப் பற்றி அக்கா வாய் திறந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல்தரம். நான் பேனையை எடுத்துத் திருத்தினேன்.

"ரயிலிலை வந்திறங்கினது எண்டதும் பிழை. நாங்கள் பஸ்ஸிலைதான் போனனாங்கள். அங்கை ரயில் இல்லை."

"அண்ணை சொன்னவர், அக்கா. எத்தனை வருசமாச் சொன்னவர்."

"ரயில் இருந்தது, முந்தி. லொறியும் பஸ்ஸும் வந்தாப்போலை, அது காசு உழைக்கேல்லை எண்டு நிப்பாட்டிப்போட்டாங்கள். நாங்கள் போகேக்கை தண்டவாளமெல்லாம் கழட்டி இரும்புக்கு வித்தாச்சு. ஸ்டேசனுக்குள்ளை ஆரோ கோழி வளத்தவை. பாலத்தை உடைக்கிற செலவு கூட எண்டு அதை மட்டும் விட்டிருந்தாங்கள். அவர் ஒருநாளும் அந்த ரயிலைக் கண்டதில்லை, பிள்ளை. நான் கண்டதில்லை."

நான் மடியில் இருந்த தாள்களைப் பார்த்தேன். அத்தனை காலையும் உங்கள் கோணல் விரல் தள்ளிக்கொண்டு போன ரயில், ஓடாத ரயில். நீங்கள் ஒருநாளும் அது நின்றுபோனதைச் சொல்லவில்லை.

"அப்ப ஏனம்மா அப்பா..." என்று ராகுலன் தொடங்கினான். தம்பி எழும்பிவிட்டார். "அக்கா, விடு. இப்ப உதெல்லாம் ஏன்?" அவருக்குத் தெரிந்திருந்தது என்று அந்தக் குரலில் விளங்கியது. அக்கா அவரைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தா.

"உனக்கு முன்னம் ஒரு பிள்ளை இருந்தது. அக்கா. வதனி எண்டு பேர். மூண்டு வயசு முடியேல்லை."

அவ நின்றபடியே சொன்னா. சொற்களை ஒவ்வொன்றாக மேசையில் வைக்கிற மாதிரிச் சொன்னா. காய்ச்சலோடு வலிப்பும் வந்தது. வெளியே பனி. கீழ் றோட்டில் பனி மதிலாய்ச் சரிந்து கிடந்தது. ஆலையின் வான் வண்டியை ஓட்டுகிறவர் மேலே கொண்டுபோகிறேன் என்றார். கதவடிக்குப் போனபோது அது பூட்டியாயிற்று. பனி தள்ளும் வண்டி வரும், பொறுங்கள் என்று பொலிஸ்காரர் சொன்னார். அவர் கெட்டவரில்லை, தன் கோட்டைக் கழற்றிப் பிள்ளைக்குப் போர்த்தினவர். கதவுக்குப் பக்கத்தில்தான் பழைய சுரங்கத்தின் வாய். மலைக்கு உள்ளே பனி இல்லை. நடந்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். ஆனால் வாயைத் தடித்த பலகைகளால் அடைத்திருந்தார்கள்.

"உங்கடை அப்பா வானிலை இருந்து இறங்கிப் போய்ப் பலகையைப் பிடுங்கினவர். கையாலை. வான்காரரும் போய் இழுத்தவர். ரெண்டு பலகை கழண்டுது, அதுக்குப் பின்னாலை செங்கல்லுச் சுவர். அதிலையும் அடிச்சவர். நான் மடியிலை பிள்ளையை வைச்சுக்கொண்டு கண்ணாடிக்குள்ளாலை பாத்துக்கொண்டு இருந்தனான். அவர் திரும்பி வாறதுக்கு முன்னமே பிள்ளை போயிட்டுது."

ஆலை இயந்திரத்தில் அகப்பட்ட விரல் என்றுதான் நான் நினைத்திருந்தேன், அண்ணை. நீங்களும் அப்படியே விட்டுவிட்டீர்கள்.

"சின்னப்பிள்ளையை எரிக்கிறதில்லைத்தானே" என்றா அக்கா. "அங்கையே தாட்டம். ஏத்தத்திலை, மதிலோரம். பேந்து ஆலையையும் மூடிப்போட்டாங்கள், இஞ்சை வந்திட்டம். வீட்டுக்குள்ளை அந்த ஊரைக் கதைக்கக் கூடாது எண்டு நான்தான் சொன்னனான். எனக்கு ஏலாமல் இருந்தது. அவருக்குக் கதைக்காமல் ஏலாமல் இருந்தது. அதுதான் உங்களெல்லாரிட்டையும் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்."

ராகுலன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நரைத்த தலையோடு, ஐம்பதை நெருங்குகிற வயதில், தனக்கொரு அக்கா இருந்தது தெரிந்தவனை எப்படித் தேற்றுவது? நான் தேற்றவில்லை.

"பேரைப் போடும்" என்றா அக்கா என்னிடம். "பிள்ளைகள் வாற இடத்திலை முதல் பேரா."

தம்பி மெதுவாகத்தான் சொன்னார். "அறியாத வயசிலை போன குழந்தையின்ர பேரை அச்சிலை போடுற வழக்கம் இல்லையக்கா."

"வழக்கம் எனக்கும் தெரியும். நீ வேணுமெண்டால் முதல் பக்கத்துக்கு மானிப்பாயை வை. பனையை வை, கோயிலை வை. எனக்கு அது பிரச்சினை இல்லை. என்ர பிள்ளையின்ர பேர் இருக்கோணும்."

ராகுலன் முகத்திலிருந்து கையை எடுத்தான். "முதல் பக்கம் அப்பா கேட்டமாதிரியே இருக்கட்டும், மாமா" என்றான். "அவள் இருக்கிற ஊர்." தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் திருத்த உட்கார்ந்தேன். மயானத்தை ஆற்றுக்கு அங்காலே மாற்றினேன். 'காலஞ்சென்ற வதனி, ராகுலன் ஆகியோரின் பாசமிகு தந்தையும்' என்று எழுதினேன். பிறகு முதல் வசனத்துக்குத் திரும்பி, ரயிலில் வந்திறங்கினார் என்பதை வெட்டப் பேனையை வைத்தேன். சுரங்கத்தையும் கலப்பையையும் வெட்ட வேண்டும். அது இல்லாத ரயில்தானே.

"பொறும்" என்றா அக்கா. எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தா. மற்ற இருவருக்கும் கேட்காத குரலில் கேட்டா.

"உமக்கு அந்த ரயிலைச் சொல்லேக்கை, அதிலை ஒரு சின்னப்பிள்ளையை ஏத்தினவரோ?"

"ஓம் அக்கா."

"கம்பளியாலை சுத்தியோ?"

"ஓம். தாயும் தகப்பனும் கூட. கார்ட் அடுப்படியிலை இடம் விட்டவராம்."

அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தா. "பேந்து என்னவாம்?"

இத்தனை குளிர்காலம் நான் உங்களிடம் கேட்ட கேள்வி. இந்தமுறை அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அண்ணை. நீங்கள் சொன்னபடியே சொன்னேன்.

"பிழைச்சிட்டுதாம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திட்டினமாம்."

அக்கா என் கையிலிருந்து பேனையை வாங்கி, மூடியைப் போட்டு, மேசையில் வைத்தா.

"ரயில் இருக்கட்டும்" என்றா.

அப்படித்தான் அது அச்சானது. சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் கல்வெட்டைப் புரட்டிய ஒருவர், அந்தக் காலத்திலேயே மலைக்குள்ளால் ரயில் விட்டிருக்கிறானே வெள்ளைக்காரன் என்று வியந்தார். இன்னொருவர் வதனி யார் என்று கேட்டார். "மூத்தவள்" என்றா அக்கா, வடை பரிமாறிக்கொண்டே. குழாய்ப் பக்கம் போகவில்லை.

கம்பிகளை இப்போதுதான் நட்டு முடித்தேன். முதலில் உங்கள் வீட்டுக்கு, பிறகு எங்கள் வீட்டுக்கு. நிலம் இறுகத் தொடங்கிவிட்டது, சுத்தியலால் அடித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. அக்கா யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றா. ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தேன்.

புது ரயிலில் ஆட்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள், அண்ணை. நீங்கள் போன பிறகுதான். எங்கள் பழைய சுரங்கத்தால்தான் அதுவும் போகிறது, அடைக்கவில்லை. நேற்று நகரத்துக்குப் போனேன். முன் இருக்கையில் ஒரு தாய் குழந்தையைப் போர்வையால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, நித்திரை. ரயில் மலைக்குள் நுழைந்தது. யாரும் பார்க்கவில்லை என்று கண்டு, என் கையுறையைக் கழற்றி மடியில் மேடாக வைத்து, பயண அட்டையை அதன் கீழே தள்ளினேன். வெளிச்சம் வருமட்டும் நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. பிறகு மற்றப் பக்கத்தால் அதை எடுத்தேன்.

பிந்தவில்லை.